தக்கலை ஷிட்ஸுவுக்கு நம்பி விடக்கூடிய குரூமரை எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் வைத்துவிடுகிறேன். உங்களுக்குச் சென்னையில் வேலை. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை வீட்டில் அம்மாவோடு 3 வயது ஷிட்ஸு இருக்கிறது, நீள முடி வளர்கிற சின்ன இன நாய். போன மாதம் குரூமிங்குக்கு, அதாவது முடி வெட்டிக் குளிப்பாட்ட, விட்ட இடத்தில் அதன் காது மடல் ஓரம் வெட்டுப்பட்டது. அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா துவர்த்தால் (துண்டால்) துடைக்கும்போதுதான் ரத்தம் தெரிந்திருக்கிறது. அதிலிருந்து சீப்பைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் நம்பி விட ஆள் உண்டா, திருவனந்தபுரம் கொண்டுபோவது நல்லதா, இல்லை மொட்டை அடித்துவிட்டால் தொல்லை தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவிக்கு நின்று, அங்கேயே இந்த வேலையைப் படித்து, பல வருஷம் அதையே தொழிலாகச் செய்தவன். இப்போது கற்க வருகிற பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிட்டு நான் போய்விடலாம். அது உங்களுக்கு உதவாது. நாயைப் பிடிப்பது கடை இல்லை, ஒரு ஆளின் இரண்டு கைகள். நம்ம பக்கத்தில் நன்றாகக் கை படிந்த பையன் ஒருவன் வந்தால், கொஞ்ச நாளில் கல்ஃபுக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறான். பலகை அதேதான், கண்ணாடிக் கதவு அதேதான், மேசையில் நிற்பது நேற்று சேர்ந்தவன். இந்த வேலைக்கென்று அரசு நடத்தும் தேர்வோ கட்டாய உரிமமோ நம் நாட்டில் இல்லை. செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. அவை பிராணிகளை விற்பவர்களுக்கானவை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் தனியார் பயிற்சி நிலையம் கொடுத்தது. பயிற்சி எடுத்தது நல்ல விஷயம்தான். ஆனால் பயப்படுகிற நாயிடம் அந்த ஆள் எப்படி நடந்துகொள்வார் என்பதை அந்தத் தாள் சொல்லாது.

எதைப் பார்த்து நம்புவது? என்னைக் கேட்டால், அந்த ஆளுக்கு நிறுத்தத் தெரிகிறதா என்று பாருங்கள். நாய் விறைக்கும்போது கையை எடுக்கத் தெரிய வேண்டும். 'இன்றைக்கு இவ்வளவு போதும், மீதியை அடுத்த வாரம் பார்ப்போம்' என்று சொல்லத் தெரிய வேண்டும். 'இந்தத் தோலைப் பார்த்தால் சரியில்லை, முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்' என்று வருகிற காசைத் திருப்பி அனுப்பத் தெரிய வேண்டும். முடி அழகாக வெட்டுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். நிறுத்துவது பொறுமையில் இருந்து வருவது, அது இல்லாதவரிடம் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் நான் நாயை விட மாட்டேன்.

உங்கள் நாய்க்கு நடந்ததையே எடுத்துக்கொள்வோம். ஷிட்ஸுவுக்குக் காதுக்குப் பின்னாலும், கழுத்துப் பட்டை உரசும் இடத்திலும், முன்னங்கால் அக்குளிலும்தான் முதலில் சிக்கு விழும். சிக்கு இறுக இறுகத் தோலையும் தன்னோடு மேலே இழுத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் எல்லாம் முடியாகத் தெரியும். உள்ளே வெற்றிலை போல மெல்லிய காது மடல் மடிந்து கிடக்கும். அவசரத்தில் கத்தரிக்கோலை நுழைத்து ஒரே வெட்டாக வெட்டினால் மடலின் ஓரமும் சேர்ந்து வரும். குரூமிங்கில் கத்தரிக்காயம் அதிகம் படும் இடங்களில் ஒன்று அது. அக்குளில் இருக்கும் தோல் மடிப்பும், தொடையும் வயிறும் சேரும் இடத்தில் தளர்ந்து தொங்கும் தோலும் அப்படித்தான்.

கை தெரிந்தவர் செய்வதைக் கிட்டே நின்று பார்த்தால் வித்தியாசம் புரியும். முதலில் கத்தரியை எடுக்கவே மாட்டார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடலின் ஓரம் எங்கே முடிகிறது என்று தடவித் தேடுவார். கிடைத்ததும் அந்த விரல்கள் அங்கேயே நிற்கும், கத்தரி அதற்கு வெளியேதான் போகும். பெரிய சிக்கு என்றால் கொஞ்சம் சோளமாவைத் தூவி விரலாலேயே பிரிக்கப் பார்ப்பார். பிரியவில்லையா, தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் இரும்புச் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே உள்ளதை மட்டும் நறுக்குவார். அதுவும் முடியாத அளவுக்கு இறுகியிருந்தால் 10-ம் நம்பர் பிளேடு போட்ட கிளிப்பரை, அதாவது முடி வெட்டும் மெஷினை, தோலோடு தட்டையாக அடியில் ஓட்டி எடுப்பார். நடுவில் இரண்டு மூன்று தடவை பிளேடைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்ப்பார். ஓடிக்கொண்டிருக்கும் பிளேடு சீக்கிரம் சூடாகிவிடும். நாயின் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சிவந்து எரிகிற 'கிளிப்பர் புண்' வருவதற்கு அது ஒரு காரணம். இதெல்லாம் நேரம் எடுக்கும். சிக்கு விழுந்த ஒரு ஷிட்ஸுவை முக்கால் மணி நேரத்தில் குளிப்பாட்டி, காயவைத்து, வெட்டிக் கொடுக்கிறார்கள் என்றால் எந்தப் படியைத் தாண்டினார்கள் என்று கேளுங்கள்.

வெட்டு விழுவது நல்ல கைக்கும் எப்போதாவது நடக்கும், தம்பி. நாய் திடீரென்று தலையைத் திருப்பும். எனக்கு ஆறவே இல்லாதது அவர்கள் அதை மறைத்து அனுப்பியது. காது மடலில் காயம் பட்ட நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும். உதற உதற மடலுக்குள் ரத்தம் கட்டி வீங்கலாம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டியிருப்பீர்கள். நகம் வெட்டும்போது ரத்தம் வந்தால்கூட, 'இந்தக் காலில் இந்த விரல், பொடி வைத்து நிறுத்தியிருக்கிறேன்' என்று சொல்லி அனுப்புகிறவரைத்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? இணையத்தில் இருக்கும் நட்சத்திரங்களை விட, உங்கள் வட்டாரத்துக் கால்நடை மருத்துவரிடம் வேலை பார்க்கும் உதவியாளரிடம் கேளுங்கள். டாக்டர் ஒருவரைக் குறை சொல்லத் தயங்குவார். காயத்தோடு வருகிற நாயைப் பிடித்துக்கொள்வது உதவியாளர். எந்த இடத்தில் முடி வெட்டிவிட்டு வந்து தோல் புண்ணாகிறது, எங்கே போய்வந்த பிறகு காது சீழ் பிடிக்கிறது என்று அவருக்குத் தெரியும். 'அண்ணே, உங்க வீட்டு நாயா இருந்தா யாருகிட்ட விடுவீங்க?' என்று தனியாகக் கேட்டால் மனசில் உள்ளதைச் சொல்வார். அடுத்தபடியாக ஷிட்ஸு, பூடில், லாசா மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கும் நாய் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். லேப்ரடார் வைத்திருப்பவர் 'நல்லா குளிப்பாட்டுவாங்க' என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கும், ஆனால் உங்கள் நாய்க்கு அது போதாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி குட்டை முடி நாய் வைத்திருப்பவர்களுக்கோ குரூமரே அநேகமாக வேண்டியதில்லை.

இரண்டு மூன்று பெயர் கிடைத்ததும் நாய் இல்லாமல் போய்ப் பாருங்கள். நீங்கள் ஊருக்கு வருகிற ஒரு சனிக்கிழமை காலை போதும். கடைக்கு எதிரில் ஒரு டீ குடித்துக்கொண்டு, உள்ளே போகிற நாய்களைக் கவனியுங்கள். முதல் தடவை வருகிற நாய் தயங்கத்தான் செய்யும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஏற்கெனவே பழகிய நாய் எப்படிப் படியேறுகிறது என்று பாருங்கள். வாலைத் தாழ்த்தாமல் வாசலை மோந்துகொண்டு போகிறதா, இல்லை நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு இழுபடுகிறதா? எந்த விளம்பரத்தையும் விட எனக்கு இந்தச் சாட்சிதான் பெரிது.

உள்ளே போய்ப் பேசும்போது, நீங்கள் கேட்பதைவிட அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதுதான் முக்கியம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட புத்தகத்தைக் காட்டச் சொல்கிறாரா? வலிப்பு, இதயக் கோளாறு, பழைய அறுவை சிகிச்சை ஏதாவது உண்டா என்று கேட்கிறாரா? கடிக்குமா, எந்த இடத்தைத் தொட்டால் பிடிக்காது, கடைசியாக எப்போது உண்ணி மருந்து போட்டது என்று கேட்கிறாரா? இத்தனை கேள்வி கேட்கிறாரே என்று சிலர் எரிச்சல்படுவார்கள். கேட்கிறவர்தான் நல்லவர். வந்ததும் வராததுமாக 'விட்டுட்டுப் போங்க சார், மூணு மணிக்கு வாங்க' என்று கயிற்றை வாங்கிக்கொள்கிறவரிடம் நான் கொடுக்க மாட்டேன்.

நின்று பார்க்கலாமா என்று கேளுங்கள். இதில் ஒரு நியாயம் உண்டு: சொந்தக்காரர் பக்கத்தில் நின்றால் சில நாய்கள் அவரிடம் தாவப் பார்த்துத் துள்ளும், கத்தரி இருக்கும் கையில் அது ஆபத்து. அதனால் 'பக்கத்தில் நிற்காதீர்கள், கண்ணாடிக்கு வெளியே நின்று பாருங்கள்' என்று சொன்னால் சரி. கேமரா வைத்துக் காட்டினாலும் சரி. பார்க்கவே கூடாது என்று கதவைச் சாத்தினால் திரும்பி வந்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

இடத்தில் கண் வைக்க வேண்டியவை சில உண்டு. மேசையில் கழுத்து வளையம் தொங்கும். நாய் குதித்துவிடாமல் இருக்க அது தேவைதான். ஆனால் வளையத்தில் கழுத்து இருக்கும்போது ஆள் நகரவே கூடாது. போன் அடித்தால்கூட ஒரு கை நாயின் மேல் இருக்க வேண்டும். மேசையிலிருந்து தவறி விழுந்தால் அந்த வளையமே தூக்குக் கயிறாகிவிடும். அடுத்தது டிரையர். கையில் பிடித்து ஊதுகிற டிரையரில் பெரிய பயமில்லை, சத்தத்துக்கு மட்டும் பழக்க வேண்டும். கூண்டுக்குள் நாயை வைத்து வெந்நீர்ச் சூட்டில் காற்றை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உங்கள் ஷிட்ஸுவுக்கு அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். நாய் உடம்புச் சூட்டை இறக்குவது பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான். மூக்கு சப்பையாக இருக்கும் ஷிட்ஸு, பக் மாதிரி நாய்களுக்கு அதுவே சிரமம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஏப்ரல், மே புழுக்கத்தில் மூடிய அறையில், ஈர முடியோடு, சூடான காற்றில் இருந்தால் அந்த எல்லைக்குப் போக ரொம்ப நேரம் ஆகாது.

ஷிட்ஸுவுக்கு இன்னொரு ஆபத்து கண். அந்த இனத்துக்குக் கண்குழி ஆழமில்லாமல் விழி முன்தள்ளி இருக்கும். பிடரித் தோலை இறுக்கிப் பின்னால் இழுத்தால் விழியே வெளியே பிதுங்கிவிடலாம். முகத்தில் வெட்டும்போது தாடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், கத்தரியின் நுனி கண்ணை நோக்கி இருக்கவே கூடாது, நுனி மழுங்கிய கத்தரியாக இருக்க வேண்டும். நீங்கள் பார்க்கப் போன குரூமர் வேறு நாய்க்கு முகம் வெட்டும்போது ஒரு தடவை பார்த்துவிட்டீர்களானால் தெரிந்துவிடும்.

அப்புறம் ஷாம்பு. இதைப் பலரும் கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடைகளில் பெரிய கேன் ஷாம்பு வாங்கி, தண்ணீர் கலந்து, சின்ன பாட்டில்களில் ஊற்றி வைப்பார்கள். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நாலு நாள், ஒரு வாரம் என்று வைத்து அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றினால் அதில் கிருமி வளரும். அந்த ஷாம்புவை முதுகில் முடி வாட்டத்துக்கு எதிராக அழுத்தித் தேய்க்கும்போது மயிர்க்கால்களுக்குள் கிருமி போய்விடும். குளிப்பாட்டி ஒன்றிரண்டு நாளில் நாய் சாப்பிடாமல் சுருண்டு படுக்கும், காய்ச்சல் வரும், முதுகைத் தொட்டால் கத்தும், கொப்புளம் கிளம்பும். வீட்டில் எல்லாரும் முதுகுத்தண்டில் அடிபட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அது தோலுக்குள் ஆழமாகப் பரவிய தொற்று, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். எனவே 'ஷாம்பு எப்போது கலந்தது?' என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. சீப்பு, பிளேடு, மேசை ஆகியவற்றை ஒவ்வொரு நாய்க்குப் பிறகும் சுத்தம் செய்கிறார்களா என்பதையும் பாருங்கள். படர்தாமரை சீப்பு வழியாகவே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், பிள்ளைகளுக்கும் ஒட்டும். நாற்றத்தைப் போக்க டெட்டாலும் பினாயிலும் கலந்து குளிப்பாட்டுகிற இடம் என்றால் பேச்சே வேண்டாம். மனுஷ ஷாம்புவும் நாய்த் தோலுக்கு ஆகாது.

நம்ம மாவட்டத்துக்கு என்றே ஒரு பிரச்சினை இருக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று நமக்கு இரண்டு மழையும் உண்டு. தக்கலை, குலசேகரம் பக்கம் ரப்பர் விளை, வாழைத்தோட்டம், புல் என்று வீட்டைச் சுற்றி ஈரம் காய்வதே இல்லை. கடியபட்டணம், முட்டம் பக்கம் என்றால் கடப்புற மணலும் உப்பும். ஈரம் உள்ளே நின்றால் முடி மேலே காய்ந்தது மாதிரி இருந்தாலும் வேரில் நாறத் தொடங்கும். காது கவிழ்ந்த நாய்க்குக் காதுக்குள் பூஞ்சை வரும். அதனால் இங்கே ஒரு குரூமரைச் சோதிக்க நல்ல வழி, வேலை முடிந்து வாங்கும்போது அக்குளிலும், விரல் இடுக்கிலும், காதுக்கு அடியிலும் உங்கள் விரலை விட்டுப் பார்ப்பது. சில்லென்று ஈரம் தட்டினால் அவர் முழுசாகக் காயவைக்கவில்லை. குளிப்பாட்டும்போது காதில் பஞ்சு வைத்தாரா, பிறகு மறக்காமல் எடுத்தாரா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று உண்ணி. நல்ல குரூமர் குளிப்பாட்டும்போது காது மடிப்பு, விரல் இடுக்கு, வாலுக்கு அடியில் எல்லாம் தேடுவார், கண்டால் எண்ணிக்கையோடு சொல்வார். உண்ணிக் காய்ச்சல் நாய்களுக்கு நம்ம பக்கம் சாதாரணமாக வரும் வியாதி; ஈறு வெளுப்பது, சாப்பிடாமை, காய்ச்சல், மூக்கில் ரத்தம் என்று போகும். அவர் கண்டு சொல்வது உயிரைக் காப்பாற்றலாம். ஆனால் உங்களைக் கேட்காமல் உண்ணி மருந்தில் முக்கி எடுக்க விடக் கூடாது. அமிட்ராஸ் மாதிரி மருந்துகளைச் சரியான அளவில் கலக்க வேண்டும். கூடிப்போனால் நாய் தள்ளாடும், மயங்கும், இதயத் துடிப்பு குறையும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்தது எதுவும் வேண்டாம், பூனைக்கு அது விஷம். முதுகில் சொட்டுவிடும் மருந்தை அம்மா போட்டிருந்தால், அதற்கு முன்னும் பின்னும் 2 நாள் குளியல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மருந்து வீண்.

நாய் கடிக்க வந்தால் என்ன செய்வீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். 'வாய்ப்பூட்டுப் போடுவோம், அதற்கும் ஒத்து வராவிட்டால் உங்களைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவோம்' என்பது ஒழுங்கான பதில். சப்பை மூக்கு நாய்க்கு வாயைச் சுற்றிக் கயிறு கட்டினால் மூச்சு முட்டும், அதற்கென்று இருக்கும் வகையைத்தான் போட வேண்டும். 'ஒரு மாத்திரை கொடுத்துடுவோம்', 'ஊசி போட்டா அமைதியாயிடும்' என்று யாராவது சொன்னால் நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியது கால்நடை மருத்துவர், அதுவும் பரிசோதித்த பிறகு. வயதான, இதயக் கோளாறு உள்ள நாய்க்கு மருத்துவமனையிலேயே முடி எடுப்பதுதான் சரி.

மொட்டை அடிக்கலாமா என்று கேட்டீர்கள். ஷிட்ஸுவுக்குத் தலைமுடி மாதிரி வளர்கிற முடி, குட்டையாக வெட்டினால் திரும்ப வரும். வெயில் காலத்துக்கு விரல் அகலத்துக்கும் குறைவாக வெட்டி வைத்தால் அம்மாவுக்கும் வேலை குறையும், நான் அதைத்தான் சொல்வேன். ஒட்ட மழித்துவிடுவது வேண்டாம். தோல் வெயிலில் எரியும், கொசு நேராகத் தோலில் உட்காரும். இதைப் படிக்கிற லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன், ஹஸ்கிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: உங்கள் நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. அதை மழிக்கவே மழிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மென்முடியை வாரி எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய் வரும், அதுவே குளிர்ச்சி. மழித்தால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் முடி வளராது, வந்தாலும் திட்டுத் திட்டாக வரும். 'வெயிலுக்கு மொட்டை போட்டுடலாம் சார்' என்று பொமரேனியனைப் பார்த்துச் சொல்கிற குரூமருக்கு முடியைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம்.

இப்போது உங்கள் நாயின் பயம். ஆள் கிடைத்துவிட்டார் என்பதற்காக அன்றைக்கே முழு குரூமிங் செய்துவிடாதீர்கள். முதல் தடவை போய், மேசையில் ஏற்றி, அவர் கையால் கொஞ்சம் கோழித் துண்டு கொடுத்து, ஒரு காலில் நகம் வெட்டிவிட்டு வந்துவிடுங்கள். அதற்கும் காசு கொடுங்கள், அவர் நேரம் அது. அடுத்த தடவை குளியலும் டிரையரும். அது ஒத்துக்கொண்டால்தான் கத்தரி. இந்தத் திட்டத்தைச் சொன்னதும் அவர் முகத்தைப் பாருங்கள். 'ஆமா சார், அப்படித்தான் செய்யணும்' என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. 'அதெல்லாம் வேண்டாம், ஒரே தடவையில் அடக்கிடலாம்' என்றால் அவர் இந்த நாய்க்கு ஆகாது. நாய் பயப்படுவதை நீங்களும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அது உறுமுவதற்கு வெகு முன்னாலேயே சொல்லிவிடும்: உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், உடம்பை விறைக்கும். அந்த இடத்தில் கையை எடுக்கிற குரூமர்தான் நீங்கள் தேடுகிற ஆள்.

வீட்டில் அம்மா செய்ய வேண்டிய பங்கு பெரியது. எவ்வளவு நல்ல குரூமர் கிடைத்தாலும் சிக்கு விழுந்த நாயை வலிக்காமல் வெட்ட முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சாயங்காலம் அது சோம்பிக் கிடக்கும் நேரத்தில், மடியில் வைத்து ஒரு பக்கம் மட்டும் சீவினால் போதும். மேலாக சீவினால் மினுங்கும், அடியில் சிக்கு வளர்ந்துகொண்டிருக்கும். முடியைப் பிரித்துப் பிடித்து, இரும்புச் சீப்பு வேர் வரை தடங்கலில்லாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். குளிப்பாட்டும் முன் சீவ வேண்டும்; சிக்கோடு நனைத்தால் காயும்போது இன்னும் இறுகும். இப்போது சீப்பைப் பார்த்தே பயப்படுவதால், சில நாள் சீப்பைத் தரையில் வைத்து அதன் பக்கத்தில் தீனி வைக்கச் சொல்லுங்கள். பிறகு சீப்பின் முதுகால் தோளில் ஒரு தடவல், ஒரு தீனி. காதுப் பக்கம் கடைசியில் போனால் போதும். ஷிட்ஸுவுக்கு 4-லிருந்து 6 வாரத்துக்கு ஒரு தடவை வெட்டு தேவைப்படும்; இடையில் அம்மா சீவினால் அது லேசான வேலை.

வீட்டுக்கு வந்து செய்கிற குரூமர்களும் இப்போது இருக்கிறார்கள். பயந்த நாய்க்கு இது நல்ல வழி, வேறு நாய்களின் குரைப்பு இல்லை, அம்மா கண்ணெதிரே நடக்கும். ஆனால் முற்றத்துத் தரையில் குந்தி உட்கார்ந்து, மங்கிய வெளிச்சத்தில் வெட்ட விடாதீர்கள். வழுக்காத மேசையும் நல்ல வெளிச்சமும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். வேறு வீட்டில் நாய்க்குப் பயன்படுத்திய சீப்பும் பிளேடும் கழுவியதா என்று இவரிடமும் கேட்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் நல்ல கைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. தக்கலையிலிருந்து போகும்போது களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் எவ்வளவு நேரம் நிற்போம் என்று உங்களுக்கே தெரியும். பயந்த நாய் அவ்வளவு தூரம் காரில் மூச்சிரைத்துக்கொண்டு போய், மேசையில் ஏறி, திரும்பவும் அதே தூரம் வருவது அதற்குச் சுமை. மாதம் ஒரு தடவை அம்மாவால் தனியாகச் செய்யவும் முடியாது. பக்கத்தில் ஆளே கிடைக்காவிட்டால் மட்டும் அதைப் பாருங்கள். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, அம்மா ஆட்டோவில் போய்வரக்கூடிய தூரத்தில் கொஞ்சம் சுமாரான வெட்டு, ஆனால் பொறுமையான கை கிடைத்தால் நான் அதையே எடுப்பேன்.

காலம் பார்த்துப் போங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரண்டு வாரம் நம்ம மாவட்டத்தில் எல்லாக் குரூமரிடமும் கூட்டம் நெரியும், வெளியூரில் இருந்து பிள்ளைகள் வருவார்கள், வீட்டு நாயும் அழகாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் ஒரே சமயத்தில் போவார்கள். நல்ல கையும் அப்போது அவசரப்படும். புதிய ஆளிடம் முதல் தடவை போக அது நேரமில்லை. எப்போது போனாலும் வார நாளில் காலை முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். அறை குளிர்ச்சியாக இருக்கும், அவருக்கும் கை சோர்ந்திருக்காது.

வேலை முடிந்து வாங்கும்போது அங்கேயே, பணம் கொடுக்கும் முன், நாயை மேசையில் வைத்துக் காதின் உள்ளும் புறமும், அக்குள், வயிறு, விரல் இடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் எல்லாம் அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் ஆசனவாய்ச் சுரப்பியைப் பிழிந்து விடுகிற வழக்கம் சிலரிடம் உண்டு. நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்க்கவில்லை என்றால் அதைத் தொட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு தண்ணீர் வடித்தால் காத்திருக்காதீர்கள்; ஷாம்பு பட்டோ கீறியோ கருவிழியில் புண் வந்திருக்கலாம், ஷிட்ஸுவுக்கு அது ஒரே நாளில் மோசமாகும். காயம் ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்தி, டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். போன மாதம் நடந்ததற்கும் ரசீதும் மருத்துவச் சீட்டும் கையில் இருந்தால், முதலில் அந்தக் கடைக்காரரிடமே சிகிச்சைச் செலவைக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

காது மடலில் ஆறிய இடத்தை இப்போதைக்கு யாரும் வெட்ட வேண்டாம். புதிய ஆளிடம் முதல் நாளே அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, 'இங்கே கத்தரி வேண்டாம், சீப்பு மட்டும்' என்று அம்மா சொல்லட்டும்.